கேபி61 ஸ்டார்லெட்டுக்கு வீலி பார்: எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எங்கே பூட்டுறது?

தெமட்டகொட கேபி

எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது 1982 மொடல் டொயோட்டா ஸ்டார்லெட் கேபி61. எஞ்சின் 4ஏ-ஜீஇ, அதுக்கு ஒரு சின்ன டர்போ. கியர் பொக்ஸ் டபிள்யூ58. பின்னுக்கு ஹைலக்ஸ் டிஃப் ஹவுசிங்கை (பின் எக்சில் கூடு) வெட்டிச் சுருக்கி, உள்ளே ஸ்பூல் (பின் சில்லு இரண்டையும் ஒன்றாப் பூட்டிச் சுத்த வைக்கிற துண்டு) போட்டிருக்கு. பின் சஸ்பென்ஷன் எக்சிலை நாலு ஆர்மால பிடிக்கிற ஒரிஜினல் 4-லிங்க்தான். மேல் ஆர்ம் இரண்டும் மட்டும் நீளம் மாத்தக்கூடியது. முன்னுக்கு ஒரிஜினல் ஸ்ட்ரட், ஸ்பிரிங் மட்டும் மெல்லிசாப் போட்டது. பின் டயர் ட்ரெக் ஓட்டத்துக்கான, வரி இல்லாத ஸ்லிக். நானும் உள்ளே இருக்கத் தராசில 850 கிலோ, முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி.

கட்டுகுருந்தவில ட்ரெக் ஓட்டம் (நேர்கோட்டு ஓட்டம்) ஓடினப்ப கிளட்சை விட்ட உடனே முன் சில்லு இரண்டும் தரையை விட்டு நாலு விரல் அளவு எழும்புது. கண் இமைக்கிற நேரம்தான், பிறகு டம் என்று விழுது. விழும்போது வலப்பக்கம் இழுக்கிறதால கால் தானா எக்சிலரேட்டரை விட்டிடுது. ஜீபிஎஸ் பெட்டியில முதல் 60 அடிக்கு 1.8 செக்கன் காட்டுது. அடுத்த முறை பூஸ்ட்டைக் கூட்டலாம் என்று இருக்கன். அதுக்கு முதல் வீலி பார், அதாவது முன் அளவுக்கு மீறி எழும்பாமல் பின்னால நீட்டி வைக்கிற, முனையில சில்லு போட்ட பைப் சட்டம், செய்து போட யோசனை.

அமெரிக்கக் கார்களின் படங்கள் நிறையப் பார்த்தன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நீளம். சிலர் ஹவுசிங்கில பூட்டியிருக்காங்க, சிலர் பொடியில. தரைக்கும் பார் சில்லுக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி விடணும்? குரோமொலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு) பைப்பை வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கத்தான் வேணுமா? அந்தச் சல்லிக்கு ஒரு சோடி ஸ்லிக் வாங்கிடலாம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பஞ்சிகாவத்தை பையன்

மச்சான், குரோமொலி எல்லாம் தேவையில்லை. பழைய சோனகத் தெருவில ஒரு அங்குல இரும்பு பைப் எடு, முனையில தள்ளுவண்டிச் சில்லு இரண்டு போடு, டிஃப் ஹவுசிங்கில வெல்ட் அடி, முடிஞ்சுது. நாலு அடி நீளம் போதும். தரையில இருந்து ஒரு அங்குலம் மட்டும் இடைவெளி விட்டா முன் எழும்பவே எழும்பாது. முன் எழும்பினா நேரம் வீணாப் போகுது, அதை அமத்திப் பிடிக்கிறதுக்குத்தானே பார்?

கிராண்ட்பாஸ் லேத்

தெமட்டகொட தம்பி, பாரைப் பற்றிப் பேச முதல் உங்கட காரைக் கணக்கில வைச்சுப் பார்ப்பம். நீங்க தந்த இலக்கங்களே பாதி விடை சொல்லுது.

60 அடி என்றா 18.3 மீட்டர். அதை நின்ற இடத்தில இருந்து 1.8 செக்கனில கடந்தா சராசரி வேகவளர்ச்சி புவியீர்ப்பின் 1.15 மடங்கு. கேபியின் வீல்பேஸ் 2300 மி.மீ. எடை மையம் தரையில இருந்து அரை மீட்டர் என்று எடுப்பம், இந்த அளவுக் காருக்கு அது நியாயமான கணக்கு. அப்ப முன்னில இருந்து பின்னுக்குப் போற எடை சுமார் 212 கிலோ. உங்கட முன் பக்கத்தில இருக்கிறது 425. அதாவது கார் நிதானமா இழுத்துக்கொண்டு போகும்போது முன் சில்லில இன்னும் 210 கிலோவுக்கு மேல மிச்சம் இருக்கணும். உண்மையான வீலிக்கு (முன் சில்லு தூக்கி நிக்கிறதுக்கு) இந்தக் காருக்கு 2.3 ஜீ, அதாவது புவியீர்ப்பின் 2.3 மடங்கு வேணும். 60 அடியை 1.3 செக்கனில முடிச்சாத்தான் சராசரி 2.2 ஜீ வரும். நீங்க அந்த இடத்துக்கு இன்னும் வரேல்ல.

பிறகு ஏன் எழும்புது? ஒரு பாரம் திடீரென்று மாறி, அதைத் தணிக்க ஒன்றும் இல்லாட்டி, ஸ்பிரிங் சமநிலையில நிக்காது. அதைத் தாண்டி இரண்டு மடங்கு வரைக்கும் போய்த்தான் திரும்பி வரும். 212-இன் இரண்டு மடங்கு 424. உங்கட முன் எடை 425. நீங்க சொன்ன "கண் இமைக்கிற நேரம், நாலு விரல்" இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துது. மெல்லிசு ஸ்பிரிங் மூக்கை மேல எறியுது, பழைய ஸ்ட்ரட்டில அதைப் பிடிக்க எதிர்ப்பு இல்லை, ஸ்ட்ரட் முழுக்க நீண்டு முட்டின உடனே சில்லையும் சேர்த்துத் தூக்குது. பிறகு எல்லாம் ஒன்றா விழுது.

அதனால முதல் வேலை பார் இல்லை. முன் ஸ்ட்ரட்டுக்கு நீளும் பக்கம் எதிர்ப்புக் கூடின, வெளியில இருந்து திருகி மாத்தக்கூடிய ஷொக் போடுங்க. மூக்கு எழும்பட்டும், ஆனா மெதுவா எழும்பட்டும். கீழே தொங்குற தூரத்தையும் ஒரு வார்ப் பட்டி போட்டுக் கட்டுப்படுத்துங்க. இதைச் செய்தாலே இப்ப இருக்கிற தூக்கலில பெரும்பகுதி போயிடும்.

பூஸ்ட் கூட்டப் போறதால பாரும் செய்து வைக்கிறது நல்லதுதான். காப்புக்கு. ஆனா பஞ்சிகாவத்தை தம்பி சொன்ன ஒரு விசயத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். பார் முன்னை அமத்திப் பிடிக்கிற சாமான் இல்லை. முன் சில்லு காத்தில இருக்கும்போது 850 கிலோவும் நிக்கிறது இரண்டே இடத்தில: பின் டயரிலயும் பார் சில்லிலயும். பார் சில்லு 100 கிலோ தாங்கினா டயருக்கு மிச்சம் 750தான். காரைத் தள்ளுறது டயர். பாரில ஏறுற ஒவ்வொரு கிலோவும் டயரிட்ட இருந்து பறிச்சது. ஒரு அங்குல இடைவெளி விட்டு, கார் அசையிற முதலே பார் முட்டினா, பிடி தேவைப்படுற அந்தக் கணத்திலேயே டயர் சுத்தத் தொடங்கிடும்.

நீளத்துக்கு வருவம். அலவாங்கு மாதிரித்தான், நீளம் கூடக்கூட முனையில தேவைப்படுற பலம் குறையும். எக்சில் மையத்தில இருந்து ஒரு மீட்டர் தள்ளி 150 கிலோவால தடுக்க வேண்டிய சுழற்சியை, ஒன்றரை மீட்டர் தள்ளி 100 கிலோவால தடுக்கலாம். அந்த 50 கிலோ டயருக்குத் திரும்பக் கிடைக்குது. உங்கட காருக்கு ஒன்றரை மீட்டர் நல்ல அளவு. அதுக்கு மேல போனா பைப் வளையும், எடை கூடும், வேலிக்கும் ட்ரெய்லருக்கும் இடையில கார் திரும்பாது. எப்படியும் பம்பரைத் தாண்டி வெளியில நிக்கும். நாலு பின் கழட்டினா முழுசா வெளியில வாற மாதிரிச் செய்யுங்க.

இன்னொன்று. புவேர்ட்டோ ரிக்கோவில இதே கேபி உடலில மஸ்டா 13பி ரோட்டரி எஞ்சின் போட்டு ஓட்டுறாங்க. அந்தக் கார்களின் பாரைப் பார்த்து அளவு எடுக்க வேண்டாம். அவங்க ஓடுறது பிசின் தெளிச்சு, ரப்பர் படிய வைச்ச தடத்தில. கட்டுகுருந்த இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதை. இரண்டுக்கும் டயர் பிடிக்கிற பிடி வேற வேற.

இப்ப பலம். பார் சில்லைத் தரை மேல தள்ளுது. அப்ப மேல் பைப் அமுங்குது, கீழ் பைப் இழுபடுது. பைப்பைப் பூட்டுற மேல் கண்ணுக்கும் கீழ் கண்ணுக்கும் ஹவுசிங்கில 200 மி.மீ. இடைவெளி இருந்தா, ஒன்றரை மீட்டர் தள்ளி வாற 100 கிலோ மேல் பைப் இரண்டிலயும் சேர்த்து 750 கிலோவா மாறுது. ஒரு பைப்புக்கு 375. நிறையப் பேர் இடம் இல்லை என்று 100 மி.மீ. இடைவெளியில கண் அடிக்கிறாங்க. அப்ப ஒரு பைப்புக்கே 750. இது தடவி உட்காரும்போது. விழுந்து அடிக்கும்போது இன்னும் கூட.

ஒரு அங்குல விட்டம், 1.65 மி.மீ. தடிப்பு, ஒன்றரை மீட்டர் நீளம் உள்ள இரும்பு பைப் சுமார் 800 கிலோவில நடுவில வளைஞ்சு கொடுக்கும். 375-க்கு அது போதும், 750-க்குப் போதாது. இதில குரோமொலியா சாதா இரும்பா என்ற கேள்விக்கும் விடை இருக்கு. நீளமான மெல்லிசு பைப் அமுங்கி வளையிறது விறைப்பில தங்கியிருக்கு, உறுதியில இல்லை. விறைப்பில 4130 குரோமொலியும் சாதா இரும்பும் ஒன்றுதான். அதே விட்டம், அதே தடிப்பு என்றா இரண்டும் ஒரே பாரத்திலதான் வளையும். குரோமொலியின் லாபம் மெல்லிசுத் தடிப்பில போகலாம் என்கிறதில. நாலு பைப்புக்கும் ஆறு மீட்டர், மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. மொத்தமே ஆறு கிலோ பாரில நீங்க எவ்வளவு மிச்சம் பிடிக்கப் போறீங்க? தையல் இல்லாத நல்ல இரும்பு பைப் ஆமர் வீதியில பார்த்து எடுங்க. நாகம் பூசின ஜீஐ பைப் வேண்டாம். வெல்ட் அடிக்கும்போது வாற புகை நஞ்சு, வெல்டும் சரியாப் பிடிக்காது.

குரோமொலிக்குப் போற சல்லியை விட லாபமான வேலை ஒன்று இருக்கு. பாரின் நடுவில மேல் பைப்பையும் கீழ் பைப்பையும் ஒரு குறுக்குத் துண்டால சேருங்க, இடதையும் வலதையும் ஒரு எக்ஸ் வடிவத் துண்டால சேருங்க, பிறகு தளர்த்தக்கூடிய மாதிரிக் கிளாம்ப் போட்டு. பைப்பின் தனி நீளம் பாதியாகுது. வளையாமல் தாங்கிற பாரம் கணக்குப்படி நாலு மடங்காகுது.

பூட்டுற இடம் ஹவுசிங். கேபியின் டிக்கித் தரை தகடு, அதில 750 கிலோ இழுவை வந்தா கிழியும். ரோல் கேஜின் (காருக்குள்ள போடுற பாதுகாப்புப் பைப் கூடு) பின் கால்கள் அங்கே இறங்கியிருந்தா மட்டும் பொடியில பூட்டுறதை யோசிக்கலாம். அதோட பொடியில பூட்டினா பின் ஸ்பிரிங் அமுங்கும்போது பாரும் சேர்ந்து இறங்கும், நீங்க வைச்ச இடைவெளி ஓட்டத்தில மாறிடும். ஹவுசிங்கில பூட்டினாலும் ஒரு விலை உண்டு. கிளட்ச் விடும்போது ஹவுசிங் மூக்கைத் தூக்கிச் சுழலப் பார்க்குது. 4-லிங்க் அந்தச் சுழற்சியைத் தடுத்துத்தான் டயரைத் தரையில அமத்துது. பார் தரையில முட்டின உடனே அந்த வேலையில ஒரு பங்கைப் பார் எடுத்துக்கொள்ளுது, லிங்க்கில பலம் குறையுது, டயரின் அமத்தலும் குறையுது. ஓட்டுறவருக்கு இது எஞ்சின் சுற்று திடீரென்று ஏறுற மாதிரித் தெரியும். பார் முட்டுறது மென்மையா இருக்கணும் என்று சொல்றது இதனாலதான்.

தள்ளுவண்டிச் சில்லு வேண்டவே வேண்டாம். 60 அடி முடியும்போது உங்கட கார் மணிக்கு 73 கி.மீ. அந்த வேகத்தில 125 மி.மீ. சில்லு நிமிடத்துக்கு 3100 தரம் சுத்துது. நின்ற இடத்தில இருந்து, இரண்டு செக்கனுக்குள்ள. பிளாஸ்டிக் புஷ் உருகும், சில்லு துண்டாகும், பின்னால நிக்கிறவங்களுக்குப் பறக்கும். அலுமினியத்தில ஹப் கடைஞ்சு, 6203 சீல் போட்ட பேரிங் இரண்டு அமத்தி, வெளியில பொலியூரித்தேன் ஒட்டினது வேணும். இரும்புச் சில்லும் கூடாது. அமெரிக்காவில ட்ரெக் ஓட்டங்களை நடத்துற என்எச்ஆர்ஏ சங்கத்தின் விதியே சில்லு உலோகமா இருக்கக் கூடாது என்கிறது. ஓட்டத்தின் நடுவில ஹைட்ரோலிக்காலயோ காத்தாலயோ பாரின் உயரத்தை மாத்தவும் அந்த விதி விடாது. சில்லு திரும்புற வகையாகவும் இருக்க வேண்டாம். எக்சிலுக்குச் சரியா 90 பாகையில நேரா நிக்கணும், கொஞ்சம் சரிஞ்சாலும் பின் பக்கத்தை அது ஓட்டும்.

உயரம்: சமமான சிமெந்துத் தரையில, நீங்க சீட்டில இருந்து, ஓடும்போது வைக்கிற அதே டயர் காத்தோட 75 மி.மீ. வையுங்க. அந்த அளவில பார் முட்டும்போது முன் எக்சில் இடத்தில பொடி 115 மி.மீ. எழும்பியிருக்கும். ஸ்ட்ரட் 80 மி.மீ. தொங்குதென்றா சில்லு தரையை விட்டு 35 மி.மீ. மட்டும். ஸ்லிக் நசுங்கும்போது எக்சிலும் இறங்கும், அதனால உண்மையான இடைவெளி இன்னும் குறைவு. பார் சில்லில வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்க, பக்கத்தில இருந்து ஒருத்தரை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. சுண்ணாம்பு மெல்லிசா அழிஞ்சிருந்தா நல்லது. ரப்பரில தட்டையாத் தேய்ஞ்ச அடையாளம் இருந்தா பார் சுமக்குது. அப்ப உயரத்தைக் குறைக்க ஓடாதீங்க, முன் ஷொக்கை இறுக்குங்க.

தெமட்டகொட கேபி

அண்ணா, இவ்வளவு எழுதினதுக்கு மிச்சம் நன்றி. வீடியோவை மெதுவா ஓட்டிப் பார்த்தன். நீங்க சொன்ன மாதிரியே ஸ்ட்ரட் முழுக்க நீண்டு முட்டுற இடத்திலதான் சில்லு எழும்புது. இன்னொன்றும் கண்டன். இடது முன் சில்லு முதல் எழும்புது, வலது கொஞ்சம் பிந்தி. மூக்கு வலப்பக்கம் போறது விழுந்த பிறகு இல்லை, எழும்பும்போதே தொடங்குது. இதுக்கு வலது பார் சில்லையும் இடது பார் சில்லையும் வேற வேற உயரத்தில வைச்சு நேராக்கலாமா?

கிராண்ட்பாஸ் லேத்

நல்லாக் கவனிச்சிருக்கீங்க தம்பி. அது பாரால தீர்க்கிற பிரச்சினை இல்லை. கியர் பொக்ஸில இருந்து பின்னுக்கு வாற ப்ரொப் ஷாஃப்ட், டிஃபில இருக்கிற பினியன் பல்லுச் சில்லைச் சுத்தும்போது ஹவுசிங்கையும் சேர்த்துத் திருக்கப் பார்க்கும். அதால இடது பின் டயர் தரையில அமுங்குது, வலது பின் டயர் இலேசாகுது. எஞ்சின் எதிர்ப்பக்கம் திரும்பி, பொடியின் இடது முன் மூலையைத் தூக்குது. உங்கட டிஃபில ஸ்பூல் இருக்கு, இரண்டு டயரும் ஒரே வேகம். கூட அமுங்கின இடது டயர் கூடத் தள்ளுது, மூக்கு வலப்பக்கம் போகுது.

வலது பின் ஸ்பிரிங்குக்குள்ள ஒரு காத்துப் பை போடுங்க. ட்ரெக் காரரிட்டப் பழைய வழக்கம் இது. நிக்கும்போதே வலது டயரில கொஞ்சம் பாரம் ஏத்தி வைக்கிறீங்க, எஞ்சின் இழுக்கும்போது இரண்டும் சமனாகுது. கொஞ்சம் கொஞ்சமாக் காத்தைக் கூட்டி, முன் சில்லு இரண்டும் ஒன்றா எழும்புற இடத்தில நிப்பாட்டுங்க. முன் சில்லு முழுக்கத் தொங்கும்போது டோ (சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவு) எவ்வளவு மாறுது என்றும் அளந்து பாருங்க. தொங்கும்போது சில்லு திரும்பியிருந்தா, விழுற நேரம் கார் அந்தப் பக்கம் பாயும்.

பார் சில்லு இரண்டையும் ஒரே உயரத்தில வைச்சே தொடங்குங்க. அதுக்குப் பிறகு, பார் முட்டின கணத்தில மட்டும் கார் ஒரு பக்கம் போனா, அந்தப் பக்கத்துப் பார் கூட அடிக்குது என்று அர்த்தம். அந்தப் பக்க டயர் இலேசாகி, மற்ற டயர் தள்ளுது. அப்ப அந்தச் சில்லை உயர்த்துங்க.

உயர்த்திற விதம்: மேல் பைப்புக்கு ஒரு முனையில இடப்புரி, மறுமுனையில வலப்புரி, 12 மி.மீ. ரொட் என்ட் (திருகு போட்ட உருண்டை மூட்டு), இரண்டுக்கும் லொக் நட். 200 மி.மீ. கண் இடைவெளியில, நடுக் கிளாம்ப்பைத் தளர்த்திப் பைப்பை அரைச் சுற்றுத் திருப்பினா சில்லு முனையில 13 மி.மீ. மாறும். மேல் பைப் சுருங்கினா சில்லு உயரும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். பாரையும் டயர் காத்தையும் ஒரே நேரத்தில மாத்தினா எது வேலை செய்தது என்று ஒருக்காலும் தெரியாது.

வெள்ளவத்தை ஈஜீ

அண்ணா, இடையில வாறதுக்கு மன்னிக்கணும். என்னட்ட ஹொண்டா சிவிக் ஈஜீ ஹெட்ச்பெக். முன் சில்லுதான் இழுக்குது. வெளிநாட்டில முன் இழுவைக் கார்களுக்கும் பின்னால நீளமான பார் இருக்கிறதைப் பார்த்தன். முன் எழும்பவே வழியில்லாத காருக்கு வீலி பார் எதுக்கு?

கிராண்ட்பாஸ் லேத்

மன்னிப்பு எதுக்குத் தம்பி, நல்ல கேள்வி. பேர் ஒன்றுதான், வேலை நேர் எதிர். கேபியில பார் டயரிட்ட இருந்து பாரத்தைப் பறிக்குது. உங்கட காரில பார் டயருக்குப் பாரத்தைக் கொடுக்குது.

ஈஜீ ஹெட்ச்பெக்கின் வீல்பேஸ் 2570 மி.மீ. ஓட்டுறவரோட 900 கிலோ, அதில 62 வீதம் முன்னுக்கு என்று எடுப்பம். நிக்கும்போது முன் டயரில 558 கிலோ. 0.8 ஜீயில இழுத்தா 140 கிலோ பின்னுக்குப் போய், முன்னில 418தான் மிச்சம். இழுக்க இழுக்கப் பிடி குறையுது. இதுதான் முன் இழுவைக் காரின் தலைவிதி. இப்ப பின் எக்சிலுக்குப் பின்னால ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு சில்லு வைச்சு, பின் பாரம் முழுக்க அதில நிக்குதென்று நினைச்சுப் பாருங்க. கார் 4070 மி.மீ. வீல்பேஸ் உள்ள கார் மாதிரி நடக்குது. அதே 0.8 ஜீயில முன் டயரில சுமார் 595 கிலோ. நிக்கும்போது இருந்ததை விடக் கூட.

உண்மையில பின் டயரும் பாரத்தில ஒரு பங்கு தாங்குறதால இவ்வளவு கிடைக்காது. ஆனா எந்தப் பக்கம் போகணும் என்று இந்தக் கணக்குக் காட்டுது. அதனால உங்கட பார் பொடியில பூட்டுறது, ஹவுசிங் என்ற ஒன்றே அங்கே இல்லை. கேஜின் பின் கால்களில இருந்து வரணும். நிக்கும்போதே தரையில முட்டி, கொஞ்சம் அமத்தின நிலையில இருக்கணும். பின் ஸ்பிரிங் விறைப்பா, பின் பக்கம் இறங்காமல் இருக்கணும்.

இரண்டு எச்சரிக்கை. பாரை அளவுக்கு மீறி அமத்தினா பின் டயர் தரையை மறந்திடும். முடிவுக் கோட்டுக்குப் பிறகு பிரேக் அடிக்கும்போது பின் டயர் இல்லாத கார் குறுக்கே திரும்பும். அதனால பின் டயரிலயும் பாரம் இருக்கிற மாதிரி, தராசு வைச்சு அளந்து வையுங்க. அடுத்தது, கேபியில பார் சில்லு ஒரு கணம் தொட்டு விடும், உங்கட காரில முழு ஓட்டமும் தரையில. 200 கி.மீ. வேகத்தில 125 மி.மீ. சில்லு நிமிடத்துக்கு 8500 சுற்றுக்குக் கிட்டப் போகும். பேரிங்கையும் ரப்பர் ஒட்டையும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கையால தொட்டுப் பாருங்க, சூடு சொல்லும். பார் போட்டு வாறன் என்று ஒழுங்கமைக்கிறவங்களிட்ட முதலே கேட்டு வைக்கிறதும் நல்லது.

பஞ்சிகாவத்தை பையன்

நானும் தள்ளுவண்டிச் சில்லு யோசனையை விட்டிட்டன் அண்ணா. பைப் எடுக்கப் போகும்போது தெமட்டகொட மச்சானோட நானும் போறன், எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. ஒரு சந்தேகம். ஹவுசிங்கில அவ்வளவு வெல்ட் அடிச்சா அது வளையாதா? ஏற்கெனவே வெட்டி ஒட்டின ஹவுசிங்.

கிராண்ட்பாஸ் லேத்

வளையும். வெல்ட் ஆறும்போது சுருங்கி, அடிச்ச பக்கத்துக்கு இழுக்கும். பாரின் கண்கள் எல்லாம் பின் பக்கத்திலேயே வாறதால குழல் இரண்டும் பின்னுக்கு வளையப் பார்க்கும். எக்சில் பேரிங்கும் ஒயில் சீலும் சீக்கிரம் போறது இதாலதான்.

கண்ணை நடுவில இருக்கிற அமத்தின தகட்டுப் பகுதியில அடிக்க வேண்டாம், இரண்டு பக்கக் குழலில அடியுங்க. குழலைச் சுத்திப் பாதி வட்டத்துக்குப் பிடிக்கிற 5 மி.மீ. தகட்டில கண்ணை வெட்டி எடுத்தா பாரம் பரவும். பேரிங் இருக்கிற இடத்துக்கு அளவாக் கடைஞ்ச வளையங்களைப் போட்டு, நேரான தடித்த கம்பி ஒன்றை இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ஊடாக விட்டு, அது உள்ளே இருக்கும்போதே வெல்ட் அடிக்கணும். ஒரு அங்குலம் அடிச்சா மறுபக்கம் போங்க, ஆற விடுங்க, திரும்பி வாங்க. டிக் வெல்டிங் என்றா ஈஆர்70எஸ்-2 கம்பி. தண்ணி ஊத்தி ஆத்த வேண்டாம். பின் பக்கம் பார் வாற ஹவுசிங்குக்கு, குழலின் ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் ஒரு பிரேஸ் பைப் கூட ஓடினா இன்னும் நல்லது, அடி விழும்போது அது தாங்கும்.

எல்லாம் ஆறினதும் கம்பி கையால சுத்தி வெளியில வரணும். சுத்தியல் கேட்டா ஹவுசிங் வளைஞ்சிட்டுது. அப்படியே எக்சிலைப் பூட்டாமல் கொண்டு வாங்க, கிராண்ட்பாஸில என்ட லேத்தில போட்டுப் பார்த்துச் சூடாக்கி எடுப்பம்.